புயலைத் துரத்தியவர்களும் ஓலைக்குக் காத்திருந்தவளும்

ராஜபாளையம்
நவம்பர் 3, திங்கள்

மேற்கு மலைக்குக் கிழக்கே, மதுரை ரோட்டுக்கு மேற்கே, சாய்வு நாற்காலி ஒன்றில் அரசாண்டு கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர் பொன்னுராஜ் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியும் கையுமாக ஊரை மிரட்டும், தன் அக்காள் பெற்ற ஒரே மருமகள் ஹெப்சிபாவுக்கு விடுக்கும் ஓலை.

ஓலை என்ற சொல்லை இந்த வாரம் நான் எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டுக் கடிதம் என்று படித்துக்கொள்.

நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததிலிருந்து உனக்கு நானூறு தடவை போன் போட்டேன். ஆறு தடவை என்று உன் அத்தை சொல்லுவாள், அவளுக்கு எண்ணிக்கை எப்போதுமே குறைவாகத்தான் வரும். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். 'மாமா போன்ல பேசுனா நான் சிரிச்சிருவேன், சிரிச்சா மன்னிச்ச மாதிரி ஆயிரும். அதனால நடந்ததை எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்' என்று சொன்னாயாமே. முப்பத்து நாலு வருஷ மில் வாழ்க்கையில் நான் மற்றவர்களுக்கு மெமோ கொடுத்தவன். எனக்கே மெமோ கொடுத்த முதல் ஆள் நீ. பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் அத்தை ஞானபாக்கியம் டீச்சர் தினமும் பஸ் ஏறி உன் ஊருக்குப் பாடம் நடத்தப் போகிறவள் ஆகையால் அவளையே தபால்காரி ஆக்கியிருக்கிறேன். சாப்பாட்டுப் பையில் வருகிறது. காகிதம் எங்காவது ஈரமாக இருந்தால் அது உன் மாமாவின் கண்ணீர். புளிக்குழம்பு வாசம் அடித்தாலும் அது கண்ணீர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு சர்ச்சில் உன் கல்யாண ஓலை எழுத வேண்டியது. மாப்பிள்ளை பெனின் வரவில்லை. போதகர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் ஆராதனையில் ஓலையை வாசிப்பார்கள், மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் ஒரு காலத்தில் மாப்பிள்ளைதான். ஆனால் அவன் ஏன் வரவில்லை என்று கேட்டால் நீ எழுந்து நின்று கேட்பாய்.

வியாழக்கிழமை காலை, பெனினின் வேனில், நான், கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்த ஐயாதுரை, கண்டக்டர் வேலையில் ஓய்வுபெற்ற ராபர்ட், மூன்று பேரும் புயல் பார்க்கக் கிளம்பினோம். ஏன் என்று உன் அம்மா கேட்டாள். ஜன்னலே இல்லாத மில் கூடத்துக்குள் முப்பத்து நாலு வருஷம் இருந்தவனுக்குப் புயல் என்பது மறுநாள் பேப்பரில் வருகிற சாமான். ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தது குற்றமா.

பார்த்தோம் மருமகளே. சனிக்கிழமை காலை, தேவிபட்டினத்தில். உட்கார்ந்திருந்த கடல் எழுந்து நின்றது. பனைமரங்கள் வரிசையாகக் குனிந்து என் காலைத் தொட்டன. ஒரு பசுமாடு, கறந்துகொண்டிருந்த ஆளோடும் சொம்போடும், எங்கள் தலைக்கு மேலே தொண்டியைப் பார்க்கப் பறந்து போயிற்று. அந்த ஆள் கறப்பதை நிறுத்தவில்லை. வேன் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. பெனின் என்ன செய்தான் தெரியுமா. கயிற்றின் ஒரு முனையை வேனில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டி, மணலில் முட்டுவரை காலைப் புதைத்து ஆறு மணி நேரம் நின்றான். மூன்று உயிரைப் பிடித்து நிறுத்தியவன் நாலு மணிக்கு எப்படி சர்ச்சில் நிற்பான்.

இப்படிப்பட்டவனை நீ தண்டிக்கலாமா. கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பொன்னுராஜ்
(மாமா)


ஸ்ரீவில்லிபுத்தூர்
நவம்பர் 4, செவ்வாய்

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மாடு வருகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகவே உங்கள் மேல் கோபம் கூடிவிட்டது.

பேப்பரில் மழைக் கணக்குப் போட்டிருந்தான். சனிக்கிழமை தேவிபட்டினம் பக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினாலு சென்டிமீட்டர். நீங்கள் துரத்திக்கொண்டு போனது புயலே இல்லை மாமா, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது கடற்கரையில் நிற்காமல் நேராக மலையைப் பார்க்க வந்து எங்கள் தலையில் இறங்கியது. சைக்கிள் நிறுத்துகிற இடத்துத் தகரக் கூரை பறந்து போய்ப் போதகர் வீட்டு முருங்கை மரத்தில் தொங்கியது. இது நான் கண்ணால் பார்த்தது. தகரத்தில் யாரும் பால் கறக்கவில்லை.

மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை எடுத்துக்கொடுத்த சேலை, கையில் பேனா. பெனினுடைய அம்மாவும் அப்பாவும் செட்டியார்பட்டியிலிருந்து நனைந்துகொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். டவர் போகும் வரை இருபத்து மூன்று தடவை பெனின் நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கு மேல் போதகர் ஐயா, 'என்னம்மா, மாப்பிள்ளைக்கு இஷ்டம்தானே' என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் அக்கா பரிபூரணத்தின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். மிகைப்படுத்தத் தேவையிருக்காது.

பெனினை உங்களோடு அனுப்பியதே நான். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பே வன்னியம்பட்டியில் மைல்கல்லைப் போலீஸ்காரர் என்று நினைத்து வண்டியை நிறுத்தி லைசென்ஸ் காட்டியவர் நீங்கள். அதனால் அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். 'மாமாவ வண்டி ஓட்ட விட்டுறாதீங்க, அவங்களத் தனியா விட்டுட்டும் வந்துறாதீங்க.' நாலு மணிக்கு வர வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்தக் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கும் என நினைக்கவில்லை.

நேற்று அவரிடம் கேட்டேன். 'தப்பு என் மேலதான்' என்கிறார். ஏன் என்றால் 'தப்பு என் மேலதான்.' எங்கே இருந்தீர்கள் என்றால் அதே பதில்.

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நீங்கள் மூன்று பேரும் 'செத்த நேரம், செத்த நேரம்' என்று சொல்லியிருப்பீர்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டியிருப்பார். பெரியவர்கள் பேச்சுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். நல்லவர்தான். ஆனால் எல்லோருக்கும் சரி சொல்லுகிறவரோடு நாற்பது வருஷம் எப்படி இருப்பது. யாராவது ஒரு மாமா கூப்பிடுகிற நாளெல்லாம் நான் பேனாவோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா.

கல்யாணம் இருபத்து ஆறாம் தேதி. அதற்குள் மூன்று ஞாயிறு வேண்டும் என்றால் வருகிற சனிக்கிழமைதான் கடைசி. எட்டாம் தேதி, நாலு மணி. அதற்குள் எனக்கு உண்மை வர வேண்டும். வராவிட்டால் நான் அந்த அறைக்குள் போக மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஹெப்சிபா


ராஜபாளையம்
நவம்பர் 5, புதன்

அன்பும் கண்டிப்பும் அளவுக்கு மீறி ஊற்றிப் பிசையப்பட்ட மருமகளே,

கண்ணுக்குத் தெரியாத கிருமியை எண்ணுகிறவளிடம் மாட்டைக் கொண்டுவந்து விட்டது என் தவறு. மாடு பறக்கவில்லை. ஆடுதான். ஆடும் பறக்கவில்லை, ஓடியது. ஓடியதும் காற்றால் இல்லை, ராபர்ட் விசில் ஊதியதால்.

ராபர்ட்டுக்கு ஓய்வு கிடைத்ததே தவிர விசில் ஓயவில்லை. வேன் ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் ஒரு ஊது. இறங்க வேண்டியவர்கள் யாருமில்லாத வண்டியில் 'உள்ள போ, உள்ள போ' என்று காலி சீட்டுகளை அதட்டிக்கொண்டே வந்தான்.

எங்கள் வேனில் நடந்தது சுத்தமான ஜனநாயகம். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை மூன்று பேரும் கை தூக்கி முடிவு செய்வோம். ராபர்ட் ரேடியோ சொல்லுகிற பக்கம். ஐயாதுரைக்கு வானிலை ஆராய்ச்சி நிலையம் அவனுடைய வலது முழங்கால். லைன்மேனாக இருந்தபோது கம்பத்திலிருந்து விழுந்த கால் அது, மழை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் குத்துமாம். நான் பொதுவான மேதை. பெனினுக்குக் கை தூக்கும் உரிமை கிடையாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் அல்லவா.

வியாழக்கிழமை தூத்துக்குடிக்குப் போனோம். கடல் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. ரேடியோ, ராமநாதபுரம் என்றது. வெள்ளிக்கிழமை தனுஷ்கோடி வரை போனோம். அங்கே வெயில் அடித்த அடியில் ஐயாதுரையின் வழுக்கை இரண்டு நிறம் மாறியது. ஒரு அம்மா வந்து, 'புயலா, நேத்து இந்தப் பக்கம்தான் வாரதா சொன்னாங்க, பொறவு வரல' என்றாள், ஏதோ சொந்தக்காரர் வராமல் போனது போல. சனிக்கிழமை காலை தேவிபட்டினத்தில் இட்லி தின்னும்போது முழங்கால் வடக்கே குத்தியது. முழங்கால் பொய் சொல்லியிருக்கிறது. மழை நேர் மேற்கே, உன் தலையில் பெய்துகொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவும் சத்தியம். இனி சனிக்கிழமை. தேவிபட்டினத்தைத் தாண்டியதும் வேனின் நாலு டயரும் ஒரே நேரத்தில் வெடித்தன. பட்டாசுக் கடை தீப்பிடித்ததென்று நினைத்து நாற்பது பேர் ஓடிவந்தார்கள். பெனின் கொதிக்கிற வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்து நாலையும் கழற்றி, தலையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக ராமநாதபுரம் வரை சுமந்து போய் ஒட்டிக்கொண்டு வந்தான். பாவம், போனை எடுக்கக்கூட நேரமில்லை. அவனைக் கோபிக்காதே. கையெழுத்து கீழே இருக்கிறது.

உன் நலனையே மூச்சாக இழுத்து விட்டுக்கொண்டிருக்கும்,
பொன்னுராஜ் மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
நவம்பர் 6, வியாழன்

மாமா,

இன்று காலை பெனின் எங்கள் லேபுக்கு வந்தார். என்னைப் பார்க்க இல்லை. நாலைந்து நாளாகக் காய்ச்சல், டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வேறு லேபுக்குப் போயிருக்கலாம், வரிசையில் நின்று டோக்கன் வாங்கி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பேர் கேட்டேன். சொன்னார். வயசு கேட்டேன். சொன்னார்.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"சனிக்கிழம நனைஞ்சேன். அதுல இருந்து."

"எங்க நனைஞ்சீங்க?"

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"டயர் வெடிச்சு வெயில்ல கெடந்ததா மாமா எழுதியிருக்காங்களே."

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அப்போதுதான் காலைப் பார்த்தேன். செருப்பைப் போட முடியாமல் கையில் வைத்திருந்தார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து காய்ந்து கிடக்கிறது. நெடுந்தூரம் நடந்தவருக்கு வருகிற கொப்புளம்.

ரிசல்ட் ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் என் வேலையில் இரண்டு எண் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி பார்க்காமல் விட மாட்டோம். வெயிலில் நின்றவருக்கு நனைந்த காய்ச்சல். வேன் ஓட்டினவருக்கு நடந்த கொப்புளம். கடற்கரையில் மழையே இல்லை. அப்படியானால் சனிக்கிழமை அவர் உங்களோடு இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் எழுதியபோது, முடியாது என்று சொல்லத் தெரியாதவர் என்று மட்டும்தான் நினைத்தேன். இப்போது அதுகூடத் தெரியவில்லை. எங்கே போனார், யாரைப் பார்க்கப் போனார், உங்களைப் பொய் சொல்லச் சொன்னது அவரா. நீங்கள் டயர் கதையைக் கட்டியிருக்காவிட்டால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து நீங்கள் எழுதியது அவரை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் என் கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். கல்யாணம் உண்டா என்பதே இனி உங்கள் கையில் இருக்கிறது.

நாளை ஒரு நாள்தான்.

ஹெப்சிபா


ராஜபாளையம்
நவம்பர் 6, வியாழன் சாயங்காலம்

ஹெப்சி,

உன் அத்தை பையைக்கூட இறக்கி வைக்காமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். 'எழுதுங்க, நான் எழுந்திரிக்க மாட்டேன்' என்றாள். எழுதுகிறேன். இதில் எதுவும் பறக்காது.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. தேவிபட்டினத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. ஐயாதுரை வடக்கே தொண்டிக்குக் கை தூக்கினான், ராபர்ட்டும் தூக்கினான், நானும் தூக்கினேன். பெனின் வேனை ஓரமாக நிறுத்தினான்.

"மாமா, நாலு மணிக்கு ஓலை. இப்பத் திரும்புனாத்தான் போய்ச் சேர முடியும்."

"தெரியும்ல மாப்ள. செத்த நேரம், தொண்டிய ஒரு எட்டுப் பாத்துட்டுத் திரும்பிருவோம்."

"நேத்து ராத்திரியும் இதத்தான் சொன்னீக. முந்தாநாளும் இதத்தான் சொன்னீக."

"ஏலே, ஒரு புயலு ஒன் ஓலைக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மாமா, ஒங்களுக்குப் புயல் வேணும். எனக்கு ஹெப்சி வேணும். நான் எறங்கிக்கிடுதேன். நீங்க வண்டி ஓட்டக் கூடாது, அதனால சாவி என்கிட்ட இருக்கட்டும்."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். டீக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வேனுக்குள் வைத்தான். கடைக்காரரிடம் போய், 'அண்ணாச்சி, இந்த மூணு பேரையும் நான் வாரது வரைக்கும் எங்கயும் விட்டுறாதீங்க' என்றான். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற மாதிரி. பிறகு ராமநாதபுரம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டான். அவனுடைய போன் வேனில் சார்ஜில் கிடந்தது. அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, பஸ் கிளம்பிய பிறகு.

நீ இருபத்து மூன்று தடவை கூப்பிட்டாய் அல்லவா. ஒவ்வொரு தடவையும் உன் பேர் திரையில் வந்தது. எடுத்திருந்தால், 'அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான், காத்திரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், நான் ஏன் அவனை விட்டேன் என்று நீ அடுத்த வார்த்தை கேட்பாய். போனைத் துண்டுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இதுதான் நான் செய்தது. இதற்கு மேல் மோசமாக நான் எதுவும் செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி என்று மாறி மாறி வந்திருக்கிறான். சிவகாசி தாண்டியதும் மழை. மல்லி ஊருக்குப் பக்கத்தில் புளியமரம் ரோட்டில் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்திருக்கிறான். ஏழெட்டுக் கிலோமீட்டர். நான் எழுதிய கடலும் பனைமரமும் எல்லாம் அவன் நடந்த ரோட்டில் நடந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் மூன்று நாளாகத் தேடிய புயலை ஒருவன்தான் பார்த்தான், அவன் அதைத் தேடவில்லை.

சர்ச்சுக்கு வரும்போது ஐந்தே கால். கேட்டில் பூட்டு. உன் தெருவுக்கும் வந்திருக்கிறான். உன் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு கிடந்ததாம். உள்ளே கூட்டம் போட்டுத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து, திரும்பிவிட்டான். அதற்காக அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லு, நான் குறுக்கே வர மாட்டேன்.

மறுநாள் விடியற்காலை பஸ் ஏறித் திரும்ப தேவிபட்டினத்துக்கு வந்தான். சாவியைப் போட்டு எங்களை ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ராபர்ட் விசில் ஊதவில்லை. நான்தான் விடாமல் கேட்டுக் கேட்டு இவ்வளவையும் பிடுங்கினேன். ஒன்றே ஒன்று சொன்னான், 'ஒங்கள விட்டுட்டு வந்தது ஹெப்சிக்குத் தெரிய வேண்டாம் மாமா, அவ அதத்தான் எங்கிட்டச் சொல்லிவிட்டா.' நீ சொன்னதையும் காப்பாற்றவில்லை, ஓலைக்கும் வரவில்லை, பிறகு எதைச் சொல்லுவது என்று வாயை மூடிக்கொண்டான்.

அவன் என்னை நம்பிச் சொன்னதை இப்போது எழுதிவிட்டேன். நான் ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று கேட்பாய். அவன் சொன்னதற்காக மட்டுமில்லை. இருபத்தொன்பது வயசுப் பையன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு டீக்கடைக்காரர் காவலில் வைத்துவிட்டுப் போனான் என்பதை ராஜபாளையத்தில் யாருக்கும் சொல்ல முடியவில்லை. உனக்கும் சொல்ல முடியவில்லை.

அத்தை இப்போதுதான் எழுந்து காபி போடப் போனாள்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
நவம்பர் 8, சனி, சாயங்காலம் ஐந்து மணி

மாமா,

அத்தை ஓலைக்கு வந்திருக்கிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்கிறார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எதையாவது குறைத்து எழுதியிருக்கிறீர்களோ என்று சந்தேகம் வந்தது. உங்கள் கடிதத்தில் இப்படி ஒரு சந்தேகம் வருவது இதுதான் முதல் தடவை.

நான் மூன்றரைக்குப் போனேன். பெனின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து சர்ச் படியில் உட்கார்ந்திருந்தாராம். வாட்ச்மேன் இரண்டு தடவை யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் உள்ளே வருவதற்கு முன்னால் தனியாகக் கேட்டேன்.

"மாமா எல்லாம் எழுதிட்டாங்க. மழையில எட்டு கிலோமீட்டர் நடந்தவருக்கு எங்க வீட்டு வாசல்ல கெடந்த செருப்பத் தாண்ட முடியலயோ?"

தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாச் செருப்பையும் தாண்டிருப்பேன். ஒங்க அம்மா செருப்பு மட்டும் தனியா, வாசலப் பாத்துக் கெடந்துச்சு."

நான் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் போதகர் ஐயா நோட்டைத் திறந்தார். பெனின் வீட்டார் ஒரு பக்கம், எங்கள் வீட்டார் ஒரு பக்கம், நடுவில் அத்தை. பெனின் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். மாமா, நீங்கள் எழுதியதை நான் நம்பினேன். ஆனால் அவர் முடியாது என்று சொன்னது தேவிபட்டினத்தில், உங்களிடம். நான் பார்க்கவில்லை. அந்த நாற்பது வருஷம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை நானும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அதனால் சொன்னேன்.

"எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு. பொன்னுராஜ் மாமா நம்ம கல்யாணத்துக்கு வரக் கூடாது."

அம்மா, "நல்ல முடிவு" என்றார்கள். உங்கள் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். அத்தை மட்டும் என்னையே பார்த்தார்கள்.

பெனின் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அப்படின்னா இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"அவியள ஒரு தடவ ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவ விட மாட்டேன்."

"இன்னைக்கு விட்டா தேதி போயிரும்."

"போகட்டும். வேற தேதி பாப்போம்."

"மாப்பிள்ளை, யார்ட்டப் பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்று அம்மா எழுந்தே விட்டார்கள்.

"தெரியும் அத்தை. நீங்க உக்காருங்க" என்றார்.

அம்மா உட்கார்ந்தார்கள். மாமா, உங்கள் அக்கா உட்கார்ந்தார்கள். இதை நான் கூட்டி எழுதவில்லை, உங்கள் மனைவியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சேத்தூர்ல எனக்கு ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம் இருக்கு, ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க" என்றார். பேச ஒன்றும் இல்லை. மூடிய பேனாவை எடுத்துத் திறந்து நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். பெண் முதலில் போடுகிற வழக்கம் இல்லையாம். நோட்டில் இடம் மாறிப்போய்விட்டது, போதகர் அம்புக்குறி போட்டுச் சரி செய்தார். அதற்குப் பிறகு பெனின் கையெழுத்துப் போட்டபோது தன் பேரிலேயே ஒரு எழுத்தை விட்டுவிட்டு மேலே சேர்த்தார். அம்மாவை உட்காரச் சொன்னபோது ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

நாளைக் காலை ஆராதனையில் முதல் ஓலை வாசிக்கிறார்கள்.

நான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிடவும் இல்லை. கூப்பிடுவது அவர். அவரிடம் நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்க மாட்டேன் என்கிறார்.

ஹெப்சிபா